கண்ணிழந்தார் கண்ட பேரொளி

ஐம்பொறிகளுள் கண்ணுக்கே முதலிடம் தருவது உலக வழக்கு. அன்புக்குரியவரைக் கண்ணே என விளிப்பதும், அரிய பொருளைக் கண்ணெனக் காப்பதும் தமிழர்தம் மரபு. கல்வியைச் சிறப்பிக்க வந்த வள்ளுவப் பெருந்தகையும் கற்றவரையே கண்ணுடையவராகக் கருதுகின்றார். ஆயினும் கற்றவர் கண்ணுக்கும் புலப்படாது போகும் ஒளி ஒன்று உண்டு. அதனைத் திருமறை நமக்கு அறிவுறுத்துகின்றது. குருடாவன முகத்திலுள்ள கண்கள் அல்ல, நெஞ்சகத்தே உறையும் உள்ளங்களே என்னும் பேருண்மையை அல்ஹஜ் அத்தியாயத்தின் 46-ஆம் வசனம் எடுத்தோதுகின்றது.

இவ்வுண்மைக்கு விளக்கவுரை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமைத் தோழர் ஒருவரின் வாழ்வே அதற்குரிய உரையாக அமைந்துள்ளது. புறக்கண் இரண்டையும் இழந்து, அகக்கண்ணால் உண்மையைக் கண்டுகொண்ட அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களே அவர். அவர்தம் வாழ்வையும், அவர் காலத்தே கண்ணிருந்தும் காணாது போனவர் நிலையையும் ஒருங்கு வைத்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியும் பெயரும்

இவர் மக்கமா நகரில், குறைஷிக் குலத்தின் ஒரு கிளையாகிய பனூ ஆமிர் குடியில் தோன்றியவர். தந்தையார் பெயர் கைஸ். தாயார் ஆத்திகா, பனூ மக்ஸூம் கிளையைச் சேர்ந்தவர். இவர்தம் இயற்பெயரை மதீனாவாசிகள் அப்துல்லாஹ் என்றும், இராக் நாட்டார் அம்ரு என்றும் வழங்கினர் என வரலாற்றாசிரியர் குறிப்பர். எனினும் வரலாற்றில் நிலைபெற்றது அவ்விரு பெயர்களும் அல்ல; தாயை முன்னிட்டு வந்த இப்னு உம்மி மக்தூம் என்னும் பெயரேயாகும். மக்தூம் என்னும் சொல்லுக்கு மறைக்கப்பட்டவர் என்பது பொருள். மகனின் கண்ணொளி மறைக்கப்பட்டிருந்தமையால் அவ்வன்னையார் மறைக்கப்பட்டவரின் தாய் எனப் பெயர் பெற்றார் என்பர். பார்வையிழப்புப் பிறவியிலேயே நேர்ந்தது என்பாரும், இளமையில் நேர்ந்தது என்பாரும் உளர்.

அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்கு இவர் தாய்மாமன் மகன் ஆவார். எனவே அண்ணலாரின் இல்லம் இவருக்கு அயலார் இல்லம் அன்று. கி.பி. 610-ஆம் ஆண்டில் ஹிரா மலைக்குகையில் இறைச்செய்தி அருளப்பெற்ற பின்னர், அதனைத் தொடக்க காலத்திலேயே ஏற்றுக்கொண்டவருள் இவரும் ஒருவர்.

அந்நாளைய மக்காவில் செல்வமும் குடிப்பெருமையும் தோள்வலிமையுமே ஒருவரை உயர்த்தின. வாணிகக் கூட்டங்களை நடத்திச் செல்லவும், வாளேந்திப் போர்க்களம் புகவும் இயலாத ஒரு பார்வையற்றவருக்கு அச்சமுதாயத்தில் எத்தகைய இடம் கிடைத்திருக்கும் என்பதை நாம் எளிதில் உய்த்துணரலாம். அவருக்கு இறைவன் அளித்திருந்தவை கேட்கும் செவியும், கேட்டதைத் தேக்கிவைக்கும் நினைவும், ஏற்றுக்கொள்ளும் உள்ளமுமாகும். இம்மூன்றுமே அவரை உயர்த்தின.

பார்வையுடையோர் நிலை

அதே நகரில், அதே காலத்தில், கூரிய பார்வையும் நுண்ணறிவும் படைத்த பெருந்தலைவர்கள் பலர் வாழ்ந்தனர். அவருள் இருவரை மட்டும் இங்கே நினைவுகூர்வோம். இருவரும் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் தாய்வழிக் கிளையாகிய பனூ மக்ஸூமைச் சேர்ந்தவர்கள் என்பது எண்ணத்தக்கது.

முதலாமவர் வலீத் பின் முகீரா. செல்வத்திலும் மக்கட்பேற்றிலும் சிறந்தவர். அரபுக் கவிதையின் நுட்பங்களை அறிவதில் தமக்கு இணையில்லை என்ற பெருமிதம் உடையவர். அவர் ஒருமுறை அண்ணலார் ஓதிய இறைவசனங்களைக் கேட்டார், உள்ளம் இளகினார். இது கவிதையும் அன்று, குறிசொல்வோர் கூற்றும் அன்று, இதற்கு ஒரு தனி இனிமை உண்டு என அவர் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக வரலாறு கூறுகின்றது. செய்தி அறிந்த அபூஜஹ்ல் பதறினார். குலத்தார் நிறைவுறும்படி அதனை இழித்து ஏதேனும் கூறியே ஆகவேண்டும் என வலீதை நெருக்கினார். வலீத் எண்ணினார், அளந்து பார்த்தார், முகம் கடுத்தார், பின் இது வழிவழி வந்த சூனியமே என்று கூறித் திரும்பிவிட்டார். இந்நிகழ்ச்சியையே அல்முத்தஸ்ஸிர் என்னும் 74-ஆம் அத்தியாயம் படிப்படியாகச் சித்திரிக்கின்றது என்பது விரிவுரையாளர் துணிபு.

இரண்டாமவர் அபூஜஹ்ல். இரவுப் போதில் அண்ணலார் தம் இல்லத்தில் தொழுது ஓதிக்கொண்டிருக்கையில், அபூஜஹ்ல், அபூசுஃப்யான், அக்னஸ் பின் ஷரீக் ஆகிய மூவரும் ஒருவர் வருகையை மற்றவர் அறியாமல் வெளியே இருளில் அமர்ந்து செவிமடுத்தனர். விடியற்காலையில் வீடு திரும்பும் வழியில் மூவரும் எதிர்ப்பட்டனர், ஒருவரையொருவர் கடிந்துகொண்டனர். இனி வருவதில்லை எனக் கூறிப் பிரிந்தவர்கள் மறுநாளும் வந்தனர். மூன்றாம் நாளும் வந்தனர். அதன்பின் உறுதிமொழி செய்துகொண்டே தம்மைத் தடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கேட்டது குறித்து அக்னஸ் பின்னர்த் தனித்து வினவியபோது, அபூஜஹ்ல் மறைவின்றித் தம் நெஞ்சைத் திறந்தார். விருந்தளிப்பதிலும் ஈகையிலும் அப்து மனாஃபின் மக்களோடு தம் குடியார் பந்தயக் குதிரைகள்போல் சமமாக ஓடிவந்ததாகவும், இப்போது அவர்கள் தங்களிடையே ஒரு நபி தோன்றியிருப்பதாகக் கூறுவதாகவும், அதற்கு இணையாகத் தம் குடியார் எதைக் காட்ட முடியும் என்றும் அவர் குமுறினார். ஆதலின் ஒருபோதும் நம்பப்போவதில்லை என முடித்தார்.

இங்கே நாம் நின்று நோக்கவேண்டிய ஒன்று உளது. அவ்விருவருக்கும் சான்று போதவில்லை என்பதன்று குறை. வலீதின் இலக்கியச் சுவையுணர்வு உண்மையின் வாயில்வரை அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. அபூஜஹ்லின் செவி மூன்றிரவும் அவரை உறங்கவிடவில்லை. வாயிலைக் கடக்கவிடாமல் தடுத்தது ஒருவருக்கு மதிப்பிழப்போம் என்னும் அச்சம், மற்றவருக்குக் குடிப்போட்டி. உள்ளக் குருடு என்பது அறியாமையினால் வருவதினும், அறிந்ததை ஏற்க மனமின்மையினால் வருவதே மிகுதி என இதனால் அறிகின்றோம்.

கடுத்த முகமும் இறங்கிய வசனமும்

இனி, இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை வரலாற்றில் நிலைபெறச் செய்த நிகழ்ச்சிக்கு வருவோம்.

ஒருநாள் அண்ணலார் குறைஷித் தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்தார்கள். அத்தலைவர்கள் இன்னார் என்பதில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. உத்பா, அபூஜஹ்ல், உமையா, உபை, வலீத் எனப் பல பெயர்கள் கூறப்படுகின்றன. யாராயினும், அவர்கள் இசைந்தால் மக்கா முழுதும் இசையும் என்னும் நிலை. நலிந்த முஸ்லிம்கள் நாள்தோறும் கொடுமைக்கு ஆளாகிவந்த காலம் அது. தலைவர் ஒருவர் இஸ்லாத்தை ஏற்பின் அக்கொடுமை தணியும். ஆகவே அண்ணலாரின் கவனம் முழுவதும் அவர்கள்பால் குவிந்திருந்தது.

அவ்வேளையில் இப்னு உம்மி மக்தூம் (ரலி) தட்டுத் தடுமாறி அங்கே வந்தார். எதிரே யார் அமர்ந்திருக்கின்றனர் என்பதை அவர் காணவியலாது. அல்லாஹ் அண்ணலாருக்குக் கற்பித்ததைத் தமக்கும் கற்பிக்குமாறு வேண்டினார், மீண்டும் வேண்டினார். உரை இடையறுந்தது. அண்ணலாரின் திருமுகம் சற்றே கடுத்தது. அவர்கள் முகத்தைத் திருப்பித் தலைவர்களோடு உரையைத் தொடர்ந்தார்கள்.

உலகியல் நோக்கில் இதனைக் குறையென்று எவரும் கூறார். முன்னரே ஈமான் கொண்டுவிட்டவர் சற்றுப் பொறுத்திருக்கலாம். கைநழுவும் வாய்ப்போ மீண்டும் வாராது. எனினும் இறைவன் தன் தூதரை அந்நிலையில் விட்டுவிடவில்லை. அபஸ என்னும் 80-ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. தம்மிடம் பார்வையற்றவர் வந்தமைக்காக முகம் கடுத்துத் திரும்பியதை அவை சுட்டின. தூய்மை பெறக்கூடியவர் அவராகவே இருக்கலாம், அறிவுரை அவருக்கே பயன் தரலாம் என உணர்த்தின. தேவையற்றவராகத் தம்மைக் கருதுவோரை நாடியிருந்து, இறையச்சத்தோடு விரைந்து வந்தவரைப் பொருட்படுத்தாமை தகாது என அறிவுறுத்தின.

தமிழிலக்கணம் பயின்றோர் இங்கே ஒரு நயத்தைக் காணலாம். முகம் கடுத்ததைக் கூறும் தொடக்க வசனங்கள் படர்க்கையில் அமைந்துள்ளன. அடுத்த வசனத்திலேயே நடை முன்னிலைக்கு மாறுகின்றது. கண்டிப்பை நேர்முகமாகக் கூறாமல் விலகி நின்று கூறி, அறிவுரையை மட்டும் நேர்முகமாகக் கூறிய பரிவு இது என உரையாசிரியர் போற்றுவர்.

மற்றொன்றும் எண்ணுதற்குரியது. முகம் கடுத்ததை அவர் பார்த்தாரில்லை. பார்க்கவியலாத ஒருவர்முன் நிகழ்ந்த முகக்குறிப்பு அது. அவர் மனம் புண்பட வாய்ப்பில்லை. எவரும் அவருக்குச் சொல்லாதவரை அது மறைந்தே போயிருக்கும். அங்ஙனம் மறைந்து போகவிருந்த ஒரு கணத்தை இறைவன் உலகம் உள்ளளவும் ஓதப்படும் மறைமொழியாக்கினான். பார்வையற்றவர் காணாததை அவருக்காக இறைவன் கண்டான். அண்ணலாரும் அவ்வசனங்களை ஒளித்தார்கள் அல்லர். இறங்கியவாறே மக்கள்முன் ஓதிக் காட்டினார்கள். தம்மைத் திருத்தும் சொல்லைத் தாமே ஊரறிய ஓதுவது எத்துணை அரிய செயல் என்பதை எண்ணிப் பார்ப்போர், அந்நாவினின்று வெளிப்பட்டது அவர்தம் சொந்தக் கூற்றன்று எனத் தெளிவர்.

வலீதைப் பற்றிய வசனத்திலும் முகம் கடுத்தல் பேசப்படுவதை மேலே கண்டோம். அரபு மூலத்தில் இரண்டிடத்தும் ஆளப்பட்டிருப்பது அபஸ என்னும் ஒரே வினைச்சொல். வலீதின் முகம் கடுத்தது. அதனோடு அவர் உள்ளமும் இறுகிற்று. அண்ணலாரின் முகம் கடுத்தது. இறைவன் சுட்டிய அக்கணமே அவ்வுள்ளம் குழைந்தது. இப்னு உம்மி மக்தூம் (ரலி) வரும்போதெல்லாம், தம் இறைவன் தம்மைக் கடிந்துகொள்ளக் காரணமானவர் என்று கூறி வரவேற்று, அண்ணலார் அவரைச் சிறப்பித்தார்கள் என்பர் விரிவுரையாளர். நேர்வழியை ஏற்கும் உள்ளத்தின் இலக்கணம் இதுவே. தவறு சுட்டப்பட்டால் சினவாது, சுட்டியவனுக்கு நன்றி பாராட்டித் திரும்புதல்.

உள்ளத்தில் படியும் துரு

உள்ளங்கள் மீது முத்திரையிடப்பட்டுவிட்டதாகத் திருமறை சிலரைப் பற்றிக் கூறுகின்றது. அங்ஙனமாயின் அவர்கள்மீது குற்றம் யாது எனச் சிலர் வினவக்கூடும். அல்முதஃப்பிஃபீன் என்னும் 83-ஆம் அத்தியாயத்தின் 14-ஆம் வசனம் இதற்கு விடை பகர்கின்றது. அவர்கள் செய்துவந்த செயல்களே அவர்தம் உள்ளங்களில் துருவாகப் படிந்துவிட்டன என்பது அதன் கருத்து. இதனை அண்ணலார் ஓர் உவமையால் விளக்கியுள்ளார்கள். அடியான் ஒரு பாவம் செய்யும்போது அவன் உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுகின்றது. வருந்தி மீண்டால் அது துடைக்கப்படுகின்றது. மீளாது தொடர்ந்தால் புள்ளிகள் பெருகி உள்ளம் முழுவதையும் மூடிக்கொள்கின்றன.

துரு ஒரே நாளில் பிடிப்பதில்லை. வாளைத் துடையாது விட்ட ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகப் படர்ந்து, இறுதியில் வாளே உறையைவிட்டு வாராது போகின்றது. அபூஜஹ்ல் மூன்றிரவுகளிலும் மெய்ம்மறந்து கேட்டபோது அவர் உள்ளம் முற்றும் மூடப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு விடியலிலும் கேட்டதை மறுத்து எழுந்தபோதுதான் துரு ஏறிற்று. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு, கி.பி. 624-இல், பத்ருக் களத்தில் அவர் அந்நிலையிலேயே மாண்டார். அவரோடு இருளில் அமர்ந்து கேட்ட அபூசுஃப்யானோ நெடுநாள் எதிர்த்து நின்று, கி.பி. 630-இல் மக்கா வெற்றியின்போது இஸ்லாத்தைத் தழுவினார். உயிர் உள்ளளவும் உள்ளத்தின் கதவு முற்றும் அடைபடுவதில்லை என்பதற்கு அதுவும் சான்றாகும்.

மதீனாவில் ஆசிரியர்

கி.பி. 622-இல் அண்ணலார் ஹிஜ்ரத் செய்து மதீனாவை அடைவதற்கு முன்னரே அங்குச் சென்று திருமறை கற்பித்தவர்கள் முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்களும் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களும் ஆவர். மதீனாவாசியான பராஉ பின் ஆஸிப் (ரலி) இதனை நினைவுகூர்ந்து அறிவித்துள்ளார். மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தொலைவு. பாலையும் மலையும் நிறைந்த அவ்வழியைப் பார்வையற்ற ஒருவர் கடந்து சென்றது தமக்கோர் அடைக்கலம் தேடுதற்கு மட்டுமன்று. பிறருக்குக் கல்வி வழங்குதற்குமாகும்.

அவர் கையில் ஏடில்லை. எழுத்தை அவர் கண்டதில்லை. நெஞ்சில் பதிந்த மறையே அவர் நூல். முன்பு கற்பிக்குமாறு வேண்டிநின்ற அதே மனிதர், கற்பிப்பவராக உயர்ந்து நின்றார். அவர் கற்பித்தவற்றுள் அபஸ அத்தியாயமும் இருந்திருக்கும் என எண்ணுகையில் நம் உள்ளம் நெகிழ்கின்றது.

வைகறையின் குரல்

மதீனாவில் பள்ளிவாசல் எழுந்து, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு முறை ஏற்பட்டபின், பிலால் (ரலி) அவர்களோடு இவரும் முஅத்தினாக அமர்த்தப்பட்டார். ஒருவர் அடிமைத்தளையில் வதைபட்டவர். மற்றவர் கண்ணொளி இழந்தவர். உலகம் ஒதுக்கிய இவ்விருவர் குரலுக்கே அந்நகரம் துயில் எழுந்தது.

ரமளான் மாதத்தில் இவ்விருவர் பாங்குக்கும் தனித்தனிப் பொருள் இருந்தது. பிலால் (ரலி) வைகறைக்கு முன்னர், இரவு இருக்கும்போதே அழைப்பார். உறங்குவோர் எழவும், நின்று வணங்குவோர் சற்று ஓய்வுகொள்ளவும் அது அறிவிப்பாகும். அக்குரல் கேட்டும் உண்ணலாம், பருகலாம். இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் குரல் எழுந்ததும் உணவை நிறுத்திவிட வேண்டும் என்பது அண்ணலார் வகுத்த நெறி. அதாவது, விடியல் வந்துவிட்டது என மதீனா நகரத்துக்கு அறிவித்தவர், விடியலையே காணாத ஒருவர்.

அவர் அதனை எங்ஙனம் அறிந்தார்? விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது என அருகிருப்போர் கூறும்வரை அவர் பாங்கு சொல்லார் என ஹதீஸ் நூல்கள் குறிப்பிடுகின்றன. இதனுள் ஆழ்ந்ததொரு படிப்பினை அடங்கியுள்ளது. தம் கண்ணுக்கு எட்டாததை நம்பத்தக்கோர் சொல்லால் அவர் ஏற்றார். ஏற்றதை ஊரார்க்கு உரக்க அறிவித்தார். தமக்குத் தெரியாததைத் தெரியாதென ஒப்புக்கொண்டமையால், அவர் குரலில் ஒருநாளும் ஐயம் நேர்ந்ததில்லை. மனித அறிவுக்கு எட்டாத மறுமையைப் பற்றித் தூதர் கொணர்ந்த செய்தியை நாம் ஏற்பதும் இத்தகையதேயன்றோ? விடியலைத் தானே கண்டாலன்றி நம்பேன் எனப் பிடிவாதம் செய்யும் குருடன், நண்பகலிலும் இருளிலேயே இருப்பான்.

அழைப்பைக் கேட்டவர் கடமை

ஒருமுறை அவர் அண்ணலாரிடம் தம் குறையை முறையிட்டார். தம் வீடு தொலைவில் உள்ளது. மனத்துக்கு இசைந்த வழிகாட்டி இல்லை. மதீனாவில் நச்சுயிர்களும் கொடிய விலங்குகளும் மிகுதி. ஆதலின் வீட்டிலேயே தொழுதுகொள்ளத் தமக்கு விலக்குண்டா என வினவினார். தொழுகைக்கான அழைப்பு அவர் செவியில் விழுகின்றதா என அண்ணலார் கேட்டார்கள். ஆம் என்றார். அங்ஙனமாயின் வரவேண்டும் என்பதே விடையாயிற்று.

பார்வைக் குறைவுடைய மற்றொரு தோழரான இத்பான் பின் மாலிக் (ரலி), மழைவெள்ளம் வழியை மறிப்பதைக் கூறி வேண்டியபோது, அண்ணலார் அவர் இல்லத்துக்கே சென்று தொழுது, அவ்விடத்தைத் தொழுமிடமாக்கித் தந்தார்கள் என்பதும் வரலாறே. ஆகவே இஸ்லாம் இயலாமையைப் புறக்கணிப்பதன்று என்பது தெளிவு. இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்ட விடையில் கடுமையினும் மதிப்பே மிகுதி என நாம் கருதுகின்றோம். அவரை இரங்கத்தக்கவராக ஒதுக்கிவைக்காது, கடமையேற்கத்தக்க நிறைமனிதராக அண்ணலார் நடத்தினார்கள். கண் இல்லையென்பதை அவர் சொன்னார். செவி உண்டென்பதை அண்ணலார் நினைவூட்டினார்கள். அவரும் மறுசொல் பேசினாரில்லை.

அவர் பொருட்டு வந்த விலக்கு

இறைவழியில் போராடுவோரும் வீட்டில் அமர்ந்திருப்போரும் சமமாகார் என்னும் கருத்துடைய வசனம் இறங்கியபோது, அதனை ஸைத் பின் ஸாபித் (ரலி) எழுதிக்கொண்டிருந்தார். அங்கு வந்த இப்னு உம்மி மக்தூம் (ரலி), தமக்கு ஆற்றல் இருப்பின் தாமும் போராடியிருப்பாரே என ஏங்கினார். அவ்வேளையிலேயே மீண்டும் வஹீ வந்தது. அண்ணலாரின் தொடை தம் தொடைமீது இருந்ததாகவும், அது நொறுங்கிவிடுமோ என அஞ்சுமளவு கனத்ததாகவும் ஸைத் (ரலி) பின்னாளில் உரைத்தார். இயலாமை உடையோர் நீங்கலாக என்னும் பொருளுடைய சொற்கள் அவ்வசனத்தில் இணைந்தன. அந்நிஸா அத்தியாயத்தின் 95-ஆம் வசனமாக இன்றும் அதனை ஓதுகின்றோம்.

தொழுகைக்கு வர விலக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. போருக்குச் செல்லவில்லையே என ஏங்கினார். விலக்கு தானே இறங்கிற்று. இரண்டையும் அவர் ஒரே பணிவோடு ஏற்றார்.

அண்ணலார் படையோடு வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவில் தமக்குப் பகரமாகத் தொழுகை நடத்துமாறு இவரைப் பன்முறை அமர்த்திச் சென்றார்கள். பத்ருப் போரின்போதும் உஹதுப் போரின்போதும் இவர் அப்பொறுப்பை ஏற்றிருந்தார். பதின்மூன்று முறை என எண்ணிக்கை கூறுவாரும் உளர். மக்காவில் எவர் பொருட்டு அவர் காத்திருக்க நேர்ந்ததோ, அத்தலைவர்களிற் பலர் பத்ருக் களத்தில் வீழ்ந்துகொண்டிருந்தபோது, அவர் நபியின் பள்ளியில் மக்களுக்கு முன்னின்று தொழுவித்துக்கொண்டிருந்தார். காலம் வழங்கிய தீர்ப்பு இது.

காதிஸிய்யாவில் கறுப்புக் கொடி

அண்ணலார் மறைந்து, கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சி நடைபெற்ற காலம். கி.பி. 636-ஐ ஒட்டி, இராக் நாட்டுக் காதிஸிய்யா களத்தில், ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) தலைமையிலான முஸ்லிம் படை, ருஸ்தமின் தலைமையில் வந்த பாரசீகப் பெரும்படையை எதிர்கொண்டது. அப்படையில் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களும் இருந்தார், வயது முதிர்ந்திருந்தது. இறைவனே விலக்களித்திருந்தும் அவர் அதனைப் பயன்படுத்திக்கொண்டாரில்லை. கொடியைத் தம்மிடம் கொடுத்து இரு படைகளுக்கும் இடையே நிறுத்துமாறும், கண்ணில்லாத தம்மால் ஓடவியலாது என்றும் அவர் கூறுவதுண்டு என வரலாற்றாசிரியர் பதிவுசெய்துள்ளனர். அன்று கவசம் பூண்டு, கையில் கறுப்புக் கொடி ஏந்தி நின்ற அவரைத் தாம் கண்டதாக அனஸ் பின் மாலிக் (ரலி) அறிவித்துள்ளார். எதை உலகம் குறையெனக் கருதிற்றோ, அதையே அவர் உறுதியாக மாற்றிக்கொண்டார்.

அக்களத்திலேயே அவர் வீரத்தியாகம் அடைந்தார் என்பர் ஒரு சாரார். மதீனா திரும்பி அங்கே மறைந்தார் என்பர் மற்றொரு சாரார்.

நம்மை நோக்கி

நம் துறையில் பார்வையிழந்த மாணவர் பலர் பயின்றுள்ளனர். பிறர் படிக்கக் கேட்டே இலக்கண நூற்பாக்களை நெஞ்சிலிருத்தும் அவர்தம் திறம் நம்மை வியக்கவைப்பதுண்டு. ஒருநாள் கல்லூரிக்கு வந்திருந்த பெரியவர் ஒருவரோடு நாம் உரையாடிக்கொண்டிருக்கையில், அம்மாணவருள் ஒருவர் ஐயம் கேட்க வந்து நின்றார். நம் முகம் கடுத்தது. அவருக்குத் தெரியாது என்னும் துணிவில் சிறிதுநேரம் மறுமொழியும் கூறாதிருந்தோம். பெரியவர் விடைபெற்றபின் திரும்பிப் பார்த்தபோது மாணவர் அங்கில்லை. அன்று மாலை மஃரிப் தொழுகையில் இமாம் ஓதிய அத்தியாயம் எது என்பதைக் கற்போர் ஊகித்துணர்வர். அதுவரை பன்முறை கேட்டிருந்த அவ்வசனங்களை அன்றுதான் நாம் கேட்டோம். மறுநாள் அம்மாணவரைத் தேடிச் சென்றது நம் கடனாயிற்று.

இலக்கியம் கற்போரும் கற்பிப்போருமாகிய நமக்கு வலீதின் வரலாறு ஓர் எச்சரிக்கை. சொல்லின் சுவையை உணர்வது வேறு. சொல்லுக்குப் பணிவது வேறு. திருமறையின் நடையழகை வியந்து பேசுவோர், அது தம் வாழ்வில் ஒன்றைத் திருத்தச் சொல்லும்போது முகம் கடுப்பாராயின், அவர்தம் கல்வியே அவர் கண்ணுக்குத் திரையாகிவிடும். இப்னு உம்மி மக்தூம் (ரலி) எதையும் வியந்து நிற்கவில்லை. தமக்குத் தெரியாது என்றறிந்து, கற்பிக்குமாறு வேண்டி, கேட்டதும் நடந்தார். வேண்டி வருபவர்க்கே வழி திறக்கின்றது.

ஒவ்வொரு வைகறையிலும் நம் ஊர்ப் பள்ளிவாசல்களிலிருந்து பாங்கொலி எழுகின்றது. விடியலை நாம் கண்ணாரக் காண்கின்றோம். அழைப்பைச் செவியாரக் கேட்கின்றோம். கேட்கின்றதா என அண்ணலார் அன்று வினவிய வினா, பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் நம் ஒவ்வொருவர் முன்னும் நிற்கின்றது. அதற்கு ஆம் எனக் கூறி எழும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! துருப் படியாத நெஞ்சையும், திருத்தப்படும்போது மகிழும் பணிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.